வெள்ளிக்கிழமை ஊசி

கம்பவுண்டர் அர்த்தநாரியின் கையை ஒடித்தபோது அங்கே இருந்தவர்கள்: சலவைத் தொட்டியில் வேலை பார்க்கும் சாமியப்பன். அவன் பெண்டாட்டி ரங்காத்தாள். அவர்களுடைய மகள் தெய்வாத்தாள். டிஸ்பென்சரிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் நல்லான். கட்டிங் மாஸ்டர் பக்கீர் முகமது. சாமியப்பனோடு தொட்டியிலிருந்து ஓடிவந்த ஆட்கள். ஊசிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார்கள். மரப் பெஞ்சின்மேல் பக்கீர் முகமதுவின் மகள் நசீமா. அவள் அதற்குள் செத்துப்போயிருந்தாள். ஆனாலும் அங்கேதான் இருந்தாள்.

பிறகு போலீஸ் வந்து விசாரித்தபோது இவர்களில் ஒருத்தர்கூட அங்கே இல்லை. நல்லான் வெண்ணெய் வாங்க ஊத்துக்குளி போயிருந்தான். தொட்டி ஆட்கள் தொட்டியில் இருந்தார்கள். தாய்மார்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். நசீமாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சலவைமேடு நொய்யல் கரையில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு நெய்து வரும் துணி இங்கேதான் வெளுக்கும். சிமெண்டுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, துணியைப் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதித்து, நீளமான கழியால் புரட்டிப் போடுவார்கள். தொட்டியில் பத்து வருசம் நின்றவனுடைய கால் நகம் தானாகக் கழன்றுவிடும். ஆற்றோர ஈரத்தில், ஒரே அறையில் ஏழு பேர் எட்டு பேர் படுத்துக் கிடக்கும் லைன் வீடுகளில், பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வருவதும் போவதுமாக இருக்கும். அதைச் சீக்கென்று யாரும் சொன்னதில்லை. மிளகைக் கடித்து முழுங்கச் சொல்வார்கள். பிறகு முட்டி வீங்கும். முட்டி வீங்கினால் நல்லெண்ணெய் தேய்ப்பார்கள், இல்லையென்றால் இரும்பைக் காய்ச்சிச் சூடு இழுப்பார்கள். அதுவும் சரியாகிவிடும். அப்புறம் ஒருநாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிற பிள்ளை பாதியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கும். அப்போதுதான் தெரியும், சீக்கு முட்டியை விட்டு நெஞ்சுக்குப் போய்விட்டதென்று.

தெய்வாத்தாள் அப்படித்தான் உட்கார்ந்தாள். பதினொரு வயசில். சோம்பேறித்தனம் என்று நினைத்து சாமியப்பன் அவளை அந்த மேட்டிலேயே வைத்து அடித்தான். அடி வாங்கிக்கொண்டே அவள் மயங்கி விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தர் என்று ஒரு லேடி டாக்டர் சலவைமேட்டு டிஸ்பென்சரிக்கு மாற்றலாகி வந்தது அந்த வருசம். நாகர்கோவில்காரி. வந்ததும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். இருதய வால்வு கெட்டுப்போன பிள்ளைகள் அந்த ஒரு மேட்டில் மட்டும் முப்பதுக்கு மேல். மேலே சண்டை போட்டு பென்சிலின் ஊசி வரவழைத்தாள். மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஊசி. "கெட்டது கெட்டதுதான். இனிமே கெடாம இருக்கணும்னா இந்த ஊசி தவறக் கூடாது. இருபது வயசு வரைக்கும் போடணும்" என்றாள். இருபது வயசு வரைக்குமா என்று முதலில் சிரித்தார்கள். ஆனால் ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சல் நின்றது. பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை என்றால் விடியும் முன்னே வரிசை நின்றது.

ஊசி போடுவது அர்த்தநாரியின் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம். முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு மருந்தைத் தோலுக்கடியில் குத்திவிட்டு வெளியே உட்காரச் சொல்வான். அரை மணி கழித்துப் பார்க்கும்போது குத்தின இடம் கொசு கடித்ததுபோல் தடித்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஊசி கிடையாது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவான். மாத்திரையை ஒருத்தரும் மதிப்பதில்லை. "உன்ற புள்ளைக்கு மாத்திரைதானா?" என்று வரிசையில் இருக்கிற பெண்கள் கேட்கும்போது, கல்யாண வீட்டில் உனக்கு மட்டும் ஜாக்கெட் துணி கிடைக்கவில்லையா என்று கேட்பதுபோல் இருக்கும்.

அன்றைக்கு நசீமாவுக்கு இடுப்பில் ஊசி போட்டான். பாவாடையை இறக்கிவிட்ட கையோடு அவள் கீழே சாய்ந்தாள். முகம் உப்பியது. தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம். அர்த்தநாரி அவளைப் பெஞ்சில் கிடத்தி வேறொரு மருந்தை உறிஞ்சி அவசரமாகக் குத்தினான். அந்த இரண்டாவது ஊசியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். செத்த பிள்ளைக்கு எதற்கு இன்னொரு ஊசி?

செய்தி தொட்டிக்கு எப்படிப் போனதோ, சாமியப்பன் ஈரத்தோடு ஓடிவந்தான். கையில் துணி புரட்டுகிற கழி. பவுடர் தண்ணீரில் ஊறி ஊறி அது எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. பக்கீர் முகமது முன்னமே வந்து மகளின் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் அடிக்கவில்லை, அழவுமில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக அடிக்க வேண்டிய கடன் தனக்கு இருப்பதாகச் சாமியப்பன் நினைத்தான். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து ஊடு. ஒரே குழாயில் தண்ணீர்.

முதல் அடி முதுகில் விழுந்தது. நல்லான் மருந்து அலமாரியைக் காலால் உதைத்துச் சாய்த்தான். ஊசி கொதிக்க வைத்திருந்த தட்டை யாரோ தூக்கி அர்த்தநாரியின் மேல் வீசினார்கள். வெந்நீர் பட்டு அவன் நாய் மாதிரி கத்தினான். "தடிக்கலீங்க, நான் பாத்துத்தான் போட்டேன், தடிக்கலீங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எந்தக் கையிலடா போட்டே?" என்று கேட்டான் சாமியப்பன்.

முகத்தை மறைக்க அர்த்தநாரியின் வலது கை தானாக மேலே வந்தது. தொட்டி ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கையைப் பிடித்து மேசை விளிம்பில் இழுத்து வைத்தார்கள். சாமியப்பன் கழியைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினான். பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. ஒரு தரம் போதாதென்று இன்னொரு தரம் இறக்கினான்.

தெய்வாத்தாள் வாசல்படியில் நின்று பார்த்தாள். ஒரு வருசமாக அவளுக்கு ஊசி போட்ட கை அது.

நசீமாவை அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். நசீமாவின் அம்மா குல்சார் பேகம் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அதனால்தான் அன்று ரங்காத்தாள் தன் மகளோடு நசீமாவையும் ஊசிக்குக் கூட்டிப் போயிருந்தாள். பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. இரண்டு ஊட்டுக்கும் ரங்காத்தாள்தான் சமைத்தாள். கம்பைக் கிண்டி, கொள்ளுப் பருப்பைக் கடைந்து, இங்கே ஒரு வட்டில் அங்கே ஒரு வட்டில் வைத்தாள். தான் சாப்பிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை.

டிஸ்பென்சரிக் கதவில் அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். ஊசி நாள் வந்தது. ஒருத்தருக்கும் ஊசி இல்லை. அதற்கடுத்த வாரம் தெய்வாத்தாளுக்குத் தொண்டை கட்டியது. இரண்டு நாளில் வலது முட்டி பனங்காய் மாதிரி வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

சாமியப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஒரு பிரைவேட் டாக்டரிடம் போனான். அவர் நாடியைப் பிடித்தார், குழலை வைத்தார். ஊசி என்றதும் கையைக் கழுவப் போய்விட்டார்.

"என் கை நல்லாருக்கட்டும்ப்பா. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது" என்றார். ஒடித்தவன் எதிரே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

எஸ்தர் டாக்டர் இப்போது பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். தெய்வாத்தாளைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டையை விலக்கிக் குழலை வைத்துக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"ஏன் இவ்வளவு நாள் கழிச்சுக் கொண்டாந்தே?"

"கதவு சாத்திக் கெடக்குதுங்களே."

"கதவைச் சாத்தினது யாரு? நானா?"

சாமியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு ஊசி போட்டீங்கன்னா புண்ணியமாப் போவுமுங்க டாக்டரம்மா."

"என்கிட்ட மருந்து இல்லை. இருந்தாலும் போட முடியாது. கோயம்புத்தூர் போனாலும் போட மாட்டாங்க. ஜில்லா முழுக்க நிறுத்தி வெச்சாச்சு."

"எதுக்குங்?"

"எதுக்குன்னு கேக்கறியா? அர்த்தநாரி டெஸ்ட் பண்ணிப் பாத்ததா சொல்றான். தடிக்கவே இல்லைன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு சத்தியம் பண்றான். தடிக்காத புள்ளை எப்படிச் சாகும்? ஒண்ணு, அவன் பொய் சொல்றான். அப்படின்னா வேலை போகும், ஜெயிலுக்கும் போவான். இல்லே, அந்த மருந்தே விஷமாயிருக்கு. அப்படின்னா எந்தப் புள்ளைக்கும் போடக் கூடாது. ரெண்டுல எதுன்னு தெரியிற வரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. மருந்தை மெட்ராஸுக்கு அனுப்பிருக்கு. ரெண்டு மாசமோ மூணு மாசமோ."

"என்ற புள்ளை அது வரைக்கும் தாங்குமுங்களா?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இந்தக் காய்ச்சல்ல தப்பலாம். மாத்திரை தர்றேன். இப்படி இன்னொரு தரம் வந்தா தாங்காது. வால்வு ஏற்கெனவே பாதிதான் தொறக்குது." அப்புறம் கேட்டாள்: "அன்னிக்கு நசீமாகூட யாரு இருந்தா? டெஸ்ட் போட்ட பிறகு அந்த அரை மணி நேரம் அவ பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? போலீஸ் கேட்டா எல்லாரும் ரேஷன் கடையில இருந்தேங்கறாங்க."

சாமியப்பனுக்கு யாரென்று தெரியும். "தெரியலீங்க" என்றான்.

திரும்பி வரும்போது தோளில் மகளின் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்தது. ரங்காத்தாள் அடுப்பில் குனிந்திருந்தாள். அவளை அவன் ரொம்ப நாளுக்குப் பிறகு நின்று பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை போடாத வாயை அவன் பார்த்ததில்லை. கருவுற்றபோதும் போட்டாள், தாய் செத்த வீட்டிலும் போட்டாள். இடுப்புச் சுருக்குப் பையைக் காணோம்.

"பை எங்கே?"

"எந்தப் பை?"

"வெத்தலப் பை. சுண்ணாம்பு டப்பி."

ரங்காத்தாள் கரண்டியை வட்டிலின்மேல் வைத்தாள். "ஆத்துல போட்டுட்டேனுங்க."

"எதுக்கு?"

தெய்வாத்தாள்தான் சுவரோரத்திலிருந்து சொன்னாள். "அம்மா, சொல்லீரும்மா."

"என்னடி சொல்லோணும்?" என்றான் சாமியப்பன்.

"எல்லாரும் வெக்கிறதுதானுங்க" என்றாள் ரங்காத்தாள். குரல் அடுப்பைப் பார்த்துத்தான் வந்தது. "கையில தடிச்சா ஊசி இல்லைன்னு அனுப்பிருவான். நாங்க எல்லாரும் தடிக்கிறக்கு முன்னாலயே சுண்ணாம்பு வெச்சுருவோம். பூச்சி கடிச்சா வெக்கிறதில்லீங்களா, அது மாதிரி. சித்த நேரம் கழிச்சுச் சீலையில தொடச்சுட்டா அமுங்கிரும். சும்மா செவப்பு மட்டும் நிக்கும். எல்லாப் புள்ளைக்கும் செவப்பு. அவனும் பாத்துப் பாத்துப் பழகிட்டான்."

"நசீமாவுக்கு?"

"அவளுக்கு ரொம்பத் தடிச்சுது. நாலணாக் காசு மாதிரி. அரிக்குது அத்தை அரிக்குது அத்தைன்னா. நாந்தான், சும்மா இரு அம்மிணி, ஊசி இல்லாமப் போனா உங்கம்மா என்னையத்தான் கேப்பான்னு நெறையா வெச்சு அமுக்கினேன். ஒரு தரம் தொடச்சுப் பாத்துட்டு மறுக்கா வெச்சேன்."

"அவன் கேக்கலியா?"

"இதென்ன இத்தனை செவந்திருக்குதுன்னு கேட்டான். சுடுதண்ணி பட்டுதுன்னேன். பின்னால நாப்பது பேரு நிக்கறாங்க. சரின்னு போட்டுட்டான்."

சாமியப்பன் அடித்தான். கன்னத்தில் அடித்ததில் அவள் ஆட்டுக்கல்லின்மேல் விழுந்தாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான்.

"அடிங்க" என்றாள் அவள். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வலது கையை அடுப்புத் திண்டின்மேல் நீட்டி வைத்தாள். "அவன் கைய ஒடிச்சீங்களே. வெச்சது இந்தக் கை. இதையும் ஒடிங்க. கழி வாசல்ல நிக்குது, எடுத்தாங்க."

கழி வாசலில்தான் நின்றது. அவன் எடுத்தும் வந்தான். அதற்குள் தெய்வாத்தாள் எழுந்து வர முயன்று நடுவிலேயே மண்டிபோட்டாள். கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாகிவிட்டது. கழியைப் போட்டுவிட்டு அவளை வாரி நிமிர்த்திப் பிடித்தான். முகத்தில் ரத்தத்தோடு ரங்காத்தாளும் வந்து முதுகைத் தாங்கினாள். இரண்டு பேரும் மூச்சு திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் கம்பு அடிப்பிடித்துத் தீய்ந்தது.

மூச்சு திரும்பியதும் மகள் கேட்டாள்: "இன்னும் ஊசி போட மாட்டாங்களாப்பா?"

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு காதர்பேட்டைக்கு நடந்தான்.

பக்கீர் முகமது அங்கே பனியன் கம்பெனியில் கட்டிங் மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். மடிமடியாய்த் துணி அடுக்கி, அட்டையை வைத்துப் பென்சில் கோடு இழுத்து, பெரிய கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தான். மகளை அடக்கம் செய்து ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தவன் அதற்குப் பிறகு ஒரு நாளும் லீவு போடவில்லை.

"பாய், சித்தெ வெளிய வாங்."

"இங்கயே சொல்லு."

"இங்க சொல்ல முடியாதுங்."

கம்பெனிக்குப் பின்னால் வேஸ்ட் துணி மூட்டைகள் அடுக்கிய சந்து. பக்கீர் முகமது கத்திரியைக் கையிலேயே கொண்டுவந்தான். சாமியப்பன் சொன்னான். சுண்ணாம்பை, தடிப்பை, அரிக்குது அத்தை என்றதை, சுடுதண்ணியை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை பக்கீர் முகமது மூட்டையில் தொங்கிய ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கத்திரியைத் திருப்பிப் பிடித்து அதன் இரும்புக் கைப்பிடியால் சாமியப்பன் வாயில் அடித்தான். இரண்டு பற்கள் போயின. சாமியப்பன் சுவரில் சாய்ந்தான். அவன் ஓங்கி அடித்தால் பக்கீர் முகமது எழுந்திருக்க மாட்டான். அத்தனை வித்தியாசம் இரண்டு உடம்புக்கும். ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு அடி காதோரம் விழுந்தது. இன்னொன்று தோள்பட்டையில். உள்ளேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"போங்கடா உள்ள. இது எங்க ஊட்டுப் பேச்சு" என்றான் பக்கீர் முகமது.

அவர்கள் போனதும் மூட்டைமேல் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. கத்திரியை லுங்கியில் துடைத்தான்.

"குளிப்பாட்டுன பொம்பளைங்க சொன்னாங்க" என்றான். "முழங்கை மடிப்புல வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்குன்னு. ஆஸ்பத்திரிப் பவுடருன்னு நெனச்சுக் கழுவிட்டாங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. கேக்கல. யாரைக் கேக்கறது? மறுநாளும் உன் பொண்டாட்டிதான் சோறு கொண்டாந்து வெச்சா. தின்னேன்."

சாமியப்பன் ரத்தத்தைத் துப்பினான்.

"நீ ஏன்டா வந்து சொன்னே? சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"தெய்வாவுக்கு மூச்சு வாங்குதுங் பாய். மருந்து கெட்டதுன்னு நிறுத்தி வெச்சுருக்காங்க. இதைச் சொன்னாத்தான் ஊசி தொறக்கும். உங்ககிட்டச் சொல்லாம டாக்டருகிட்டச் சொல்ல முடியாதுங்."

"ஓ. உன் புள்ளைக்காக வந்துருக்கே."

"ஆமாங்க."

பக்கீர் முகமது சிரித்தான். அது சிரிப்பே இல்லை. "நல்லது. பொய் சொல்லாம அதையாச்சும் சொன்னியே." எழுந்தான். "போய்ச் சொல்லு. ஆனா பாதி சொல்லாதே. அந்தாளு பாவம், கையைப் புடிச்சு மேசையில வெச்சுச் சாத்துனியே, அதையும் சொல்லு. எனக்காக அடிச்சேன்னு எவன்கிட்டயும் சொல்லிராதே. நான் உன்னை அடிக்கச் சொல்லல. பாதி சொன்னேன்னா மீதிய நான் வந்து சொல்லுவேன்."

"சொல்லீர்றேனுங்."

"ரங்காத்தாகிட்டச் சொல்லிரு. இனிமே எங்க ஊட்டு வாசல்ல வட்டில் வெக்க வேண்டாம்."

மறுநாள் காலையில் சாமியப்பனும் ரங்காத்தாளும் தெய்வாத்தாளைத் தூக்கிக்கொண்டு எஸ்தர் டாக்டரிடம் போனார்கள். ஒருத்தனுக்கு வாய் வீங்கியிருந்தது, ஒருத்திக்குப் புருவத்தில் துணிக் கட்டு. அர்த்தநாரியும் அங்கேதான் இருந்தான், தோளிலிருந்து விரல் நுனிவரை மாவுக்கட்டோடு. சாமியப்பனைக் கண்டதும் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்து சுவரில் முட்டினான்.

ரங்காத்தாள் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் வெற்றிலைப் பையை வாங்கி, சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தன் முழங்கைக்குக் கீழே தடவினாள். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தாள். சிவந்திருந்தது. அதை அர்த்தநாரிக்கு நீட்டினாள்.

"இந்த மாதிரியா இருந்துச்சு?"

"இப்படித்தான். எல்லாக் கையும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றான் அவன். "ஸ்பிரிட் தேய்ச்ச செவப்புன்னு நெனச்சேன். நசீமாவுக்கு மட்டும் கேட்டேன், சுடுதண்ணின்னதும் விட்டுட்டேன். அதுக்கு முன்னாலயே எதுக்கு இப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாம். வரிசையைப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும். சீக்கிரம் முடிச்சாப் போதும்னு இருப்பேன்."

"நானும் கேட்டிருக்கலாம்" என்றாள் டாக்டர். "வெளியே உட்காருன்னு விட்டோமே. உள்ளே உட்கார வெச்சிருக்கணும்." ரங்காத்தாளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "ஊசி வேண்டாம்னு ஓடுற ஊரைப் பாத்திருக்கேன். ஊசிக்காகக் கொலை பண்ற ஊரை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். அது திட்டைவிட மோசமாக விழுந்தது.

சாமியப்பன் அர்த்தநாரிக்கு முன்னால் போய் நின்றான்.

"கைய ஒடிச்சது நானுங்."

"தெரியும்" என்றான் அர்த்தநாரி. "கண்ணுல வெந்நிதான் பட்டுச்சு, குருடாகலே."

"போலீஸ்ல ஏன் சொல்லலீங்?"

"சொல்லிட்டு இந்த மேட்டுல நான் நடமாடறதா? மிச்சமிருக்கிற கையைக் காப்பாத்த வேண்டாமா?" விரல் நுனிகளைக் காட்டினான். மூன்று விரல்கள் அசையவில்லை. "ரெண்டாவது அடிலதான் இது போச்சு. மொத அடியோட நிறுத்தியிருந்தா கூடியிருக்குமாம், பெரிய டாக்டர் சொன்னாரு. இனிமே ஊசி புடிக்க முடியாது." தெய்வாத்தாளைப் பார்த்தான். "மருந்தைத் தொறந்து விட்டாங்கன்னா வெள்ளிக்கிழமை புள்ளையக் கொண்டாந்து விடு. விட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிரு. போகலேன்னா இந்தத் தரம் நான் போவேன். இப்பப் பயமில்லே எனக்கு."

டாக்டர் அன்றைக்கே கோயம்புத்தூருக்கு ரயிலேறினாள். என்ன பேசினாளோ, யாரிடம் சத்தம் போட்டாளோ, வெள்ளிக்கிழமை காலையில் அரக்கை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். வரிசையில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். வந்தவர்களும் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஏற்பாடு மாறியிருந்தது. டெஸ்ட் குத்தினதும் அந்த இடத்தில் துணிச் சுற்றுப் போட்டுவிடுவது. பிள்ளைகள் அரை மணியும் உள்ளேயே நர்ஸ் கண்ணெதிரே உட்கார வேண்டும். சொந்தக்காரர்கள் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது. மேசைமேல் அந்த இரண்டாவது ஊசி மருந்து, உயிர் காக்கிற மருந்து, முன்னமே உறிஞ்சித் தயாராக இருக்கும். அது என்னத்துக்கென்று டாக்டரே வெளியே வந்து எல்லாருக்கும் சொன்னாள்.

வாசலில் ஒரு தகர வாளியோடு ரங்காத்தாள் நின்றாள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெண்களிடம் சுண்ணாம்பு டப்பியை வாங்கி வாளியில் போடுவது அவள் வேலை. டாக்டர் சொன்னதல்ல, அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. டப்பியைப் போட்ட ஒருத்தி, "கொலகாரி வாங்கறா பாரு" என்று சொல்லி, வாளியில் துப்புவதுபோல் குனிந்து அவள் காலில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போனாள். ரங்காத்தாள் காலைத் தரையில் தேய்த்துவிட்டு அடுத்தவளிடம் கையை நீட்டினாள்.

சாமியப்பன் மகளைப் படியில் இறக்கிவிட்டான்.

"நீங்க வர்லியாப்பா?"

"உள்ள உட மாட்டாங்க அம்மிணி."

"அன்னிக்கு மட்டும் வந்தீங்க?"

அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவன் திரும்பினான். வெளியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஓரமாக, யாரோடும் சேராமல், பக்கீர் முகமது நிற்பதை அப்போதுதான் பார்த்தான். கையில் ஒன்றுமில்லை. அவனுக்கு இங்கே வேலையில்லை, ஊசிக்குக் கொண்டுவரப் பிள்ளையுமில்லை. சாமியப்பன் பக்கம் அவன் திரும்பவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சாமியப்பனின் வீங்கிய வாயைப் பார்த்து, "புகார் குடுக்க வந்தியா? யாருய்யா அடிச்சது?" என்றார்.

"நான் உழுந்துட்டேனுங். கம்பவுண்டர் கைய ஒடிச்சது நானுங். அதைச் சொல்ல வந்தேன்."

"அன்னிக்கு அங்கே யாருமே இல்லைன்னாங்களே. பேய்தான் அடிச்சுதுன்னு நானே எழுதி வெக்கலாமான்னு பாத்தேன்."

"நான் இருந்தேனுங்."

"வேற யாரு?"

"வேற யாருமில்லீங்."

"அவன் கையைப் புடிச்சுக்கிட்டது?"

"நானுங்."

"அடிச்சது?"

"நானுங்."

"அலமாரியை உதைச்சது, வெந்நி ஊத்தினது?"

"எல்லாம் நாந்தானுங்."

"உனக்கு எத்தனை கைடா?" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தான். சாமியப்பனைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். டிஸ்பென்சரி அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே யாராவது அலறினால் இங்கே வரைக்கும் கேட்குமா என்று யோசித்தான். அன்றைக்கு அர்த்தநாரி அலறியது எதுவரை கேட்டிருக்கும்? தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டு எழுந்துவிட்டான். அது ஒரு தந்திக்காரன்.

"உக்காருடா" என்றான் கான்ஸ்டபிள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டியபோது வாசலில் பக்கீர் முகமது நின்றான். உள்ளே வரவில்லை. படியில் ஒரு கால் வைத்தபடி, இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"கட்டைப் பிரிச்சுப் பாத்தாங்க. தடிக்கல. ஊசி போட்டாங்க. அதுக்கப்புறமும் அரை மணி உக்கார வெச்சாங்க. எந்திரிச்சு நடந்து வந்துச்சு."

"நடந்துச்சுங்களா?"

"நடந்துச்சு. தண்ணி கேட்டுச்சு. வாங்கிக் குடுத்தேன்."

சாமியப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பல் போன இடத்தில் நாக்கு பட்டு எரிந்தது. அதற்குள் பக்கீர் முகமது படியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காதர்பேட்டைப் பக்கம் நடந்துவிட்டான்.

"யாருய்யா அந்த பாய்? உனக்குச் சொந்தமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பக்கத்து ஊடுங்."

கையெழுத்துப் போடத் தெரியாததால் கைநாட்டு வாங்கினார்கள். பவுடர் தின்று ரேகை தேய்ந்த விரல். மையில் எத்தனை தரம் தோய்த்து அழுத்தினாலும் வெறும் கறுப்பாகத்தான் விழுந்தது. போதும் விடு என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் அவன் இடுப்புக் கயிற்றையும் வேட்டி முனையையும் தடவிப் பார்த்து, பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே போ என்றான். சாமியப்பன் தலையைக் குனிந்து உள்ளே போனான். கம்பிக் கதவு அவனுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. கான்ஸ்டபிள் பூட்டைப் போட்டு ஒரு தரம் இழுத்துப் பார்த்தான்.